உன் அப்பாவின் வலது கால்

மகன்,

நலம் விசாரித்துத் தொடங்கும் பொறுமை இன்றைக்கு எனக்கு இல்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் மனைவி சொன்னாள், அது போதும். இதை அவள் கையில்தான் கொடுத்துவிடப் போகிறேன். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நான் இரண்டு வார்த்தை சொன்னால் நீ ஒரு வசனத்தை எடுத்து வைப்பாய். அதற்கு நான் ஏதாவது சொல்ல, “அம்மா, உங்களுக்கு இன்னும் விளங்கேல்ல” என்பாய். பிறகு நான் ஃபோனை வைத்துவிட்டுக் குசினியில் சட்டி பானையோடு சண்டை பிடிப்பேன். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. அதனால் முழுவதையும் வாசி. வாசித்து முடிக்கும்வரைக்கும் மனதுக்குள் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதே.

விஷயம் இதுதான். உன் அப்பாவின் வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. நீ போன கிழமை வந்துபோனதன் மறுநாள் கறுக்கத் தொடங்கியது, நான் உடனே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: இப்போது வெட்டினால் இரண்டு விரல்களோடு போகும், பிந்தினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும், அதற்கும் பிந்தினால் ஆளைக் காப்பாற்ற முடியாது. அப்பா கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லி, தன் பொறுப்பில் போவதாக ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டுவித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கடைசியாகத் திங்கட்கிழமை காலையில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது முன்விறாந்தையில் கதிரையில் சாய்ந்து, காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, வேலை செய்த துறைமுகத்தையே பார்த்தபடி இருக்கிறார். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மகன்.

போன கிழமை நீ வந்ததைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தக் கோபம் கடிதம் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கும். உப்புவெளியிலிருந்து உன் சபைச் சகோதரர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாய். அப்பாவின் தலையில் கை வைத்து, பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கும் அளவுக்குச் சத்தமாக ஜெபித்தாய். அதுவரைக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல்தான் இருந்தார். நீ வந்ததே அவருக்குச் சந்தோஷம், அது எனக்குத் தெரியும். பிறகு நீ ஒரு கதிரையை அவர் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அப்பா, இவ்வளவு காலமும் நீங்கள் செய்த நற்கிரியை ஒண்டும் உங்களை இரட்சிக்காது. பூசை, நேர்த்தி, ஆக்களில்லாத சவத்துக்குப் பெட்டி தூக்கினது எல்லாம் கர்த்தருக்கு முன்னால கந்தைதான். இனியாவது விசுவாசியுங்கோ” என்றாய். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் குசினி வாசலில் வெந்நீர்ச் சட்டியும் பஞ்சுமாக நின்றேன். புண் கழுவும் நேரம் அது. நீ எழும்பி, “அம்மா, கூட்டம் இருக்கு, நாங்கள் வெளிக்கிடுறம்” என்று சொல்லி, என் கையிலிருந்த தண்ணீர் சிந்திவிடாதபடி பக்குவமாக விலகிப் போனாய். அந்தப் பக்குவத்தைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. சட்டியைத் தட்டிவிட்டுப் போயிருந்தால்கூட அன்றைக்கே மறந்திருப்பேன்.

நான் உன் பக்கத்தைப் பார்க்காதவள் இல்லை. உன்னைக் குடியிலிருந்து எடுத்தது அந்தச் சபைதான். அதை நான் எங்கள் கத்தோலிக்கக் கோயில் வாசலில் நின்றும் சொல்லுவேன். முதல் வேலையும் போய், இரண்டாவது வேலையும் போய், நீ கடற்கரையில் விழுந்து கிடந்த காலத்தில் யாராவது ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். அப்பா நேர்த்திக்கு மேல் நேர்த்தி வைத்தார். மெழுகுதிரி, உபவாசம், நவநாள் என்று ஒன்றையும் விடவில்லை. நீ விடிந்ததும் எழும்பிப் போய்த் திரும்பவும் குடித்தாய். பிறகு யாரோ ஒரு பாஸ்டர் உன்னோடு வந்து இருந்து கதைத்தார், நீ அழுதாய், அன்றோடு விட்டாய். “நான் ஒண்டும் செய்யேல்ல அம்மா, கர்த்தர்தான் எல்லாம் செய்தவர்” என்று நீ சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் விட்ட காலையில் உனக்கு இருக்கும் முகம் அது. அதனால்தான் நம் சொந்தக்காரர், “உன்ர மகன் அல்லேலூயாவுக்குப் போயிட்டானாமே” என்று இழுத்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. நீ கிருபை என்றாய், அப்பா தன் நேர்த்தியின் பலன் என்றார். யாரால் நடந்தது என்று நீங்கள் இரண்டு பேரும் போட்டி போட்ட அந்த நாட்களில், உன் வாந்தியை யார் துடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம். நான் அதை மோட்சத்துக்காகச் செய்யவில்லை. பாதி நாற்றம் பொறுக்காமல் செய்தேன், மீதி நீ என் பிள்ளை என்பதால் செய்தேன்.

உன் அப்பா தாயில்லாமல் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவர் என்பது உனக்குத் தெரியும். அந்த வீட்டில் சோறு கிடைத்தது, ஆனால் ஒவ்வொரு கோப்பைச் சோற்றோடும் ஒரு சொல்லும் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சும்மா ஒன்றும் வாங்கினதில்லை. காற்று நம் கூரைத் தகரங்களைத் தூக்கிக்கொண்டு போன வருடம் நினைவிருக்கிறதா? கோயில் பெடியள் ஏணியோடு வந்து நின்றார்கள். அப்பா காய்ச்சலோடு அவர்களுக்கு முன்னால் கூரையில் ஏறி முதல் ஆணியை அடித்தார். நான் தேத்தண்ணீர் போட்டு இறக்குவதற்குள் கடற்கரைக்கு ஓடிப்போய் ஒரு பெரிய பாரைமீனோடு வந்து, துண்டு போட்டு, பெடியள் ஏணியால் இறங்க இறங்க ஒவ்வொருவர் கையிலும் திணித்தார். “ஐயா, நாங்கள் சும்மாதான் வந்தனாங்கள்” என்று ஒருவன் சொன்னதும் அவர் முகம் கறுத்துவிட்டது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய், நானும் சிரித்தேன். கடவுளோடும் அவர் அப்படித்தான் நடந்துகொள்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கடவுள் ஏதாவது தந்துவிடுவதற்கு முன்னால் ஓடிப்போய் அவர் கையிலும் ஒரு மீன் துண்டைத் திணித்துவிட வேண்டும் உன் அப்பாவுக்கு.

இந்த வருடம் பெரிய வியாழன் அன்று நடந்தது உனக்குத் தெரியாது. அன்றைக்குப் பின்னேரப் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேரைக் கதிரைகளில் இருத்திக் கால் கழுவுவார், நீயும் சின்னதில் பார்த்ததுதான். தண்ணீரை இளஞ்சூடாக்குவது, செம்பையும் தட்டையும் மினுக்குவது, துவாய்களை மடித்து அடுக்குவது எல்லாம் எத்தனையோ வருடமாக அப்பாவின் வேலை. அந்தக் கதிரையில் ஒருமுறைகூட அவர் இருந்ததில்லை. கேட்டால், “பிறகு தண்ணி ஆர் எடுத்துக் குடுக்கிறது?” என்பார். இந்த முறை தம்பலகாமத்திலிருந்து வரவேண்டிய ஒருவர் வந்து சேரவில்லை. றோட்டில் யானை நின்று பஸ் பிந்திவிட்டதாம். ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. ஃபாதர் புதியவர், இளம் ஆள், அப்பாவின் குணம் தெரியாது. கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால், “ஐயா, நீங்கள் வந்து இருங்கோ” என்றார். அப்பா மாட்டேன் என்று தலையாட்டினார். ஃபாதர் சிரித்துக்கொண்டே வந்து அவர் கையிலிருந்த செம்பைப் பிடித்தார். அப்பா விடவில்லை. ஒரே செம்பை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள், மகன். பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் அப்பா செம்பை விட்டுவிட்டு, நொண்டி நொண்டிப் பக்க வாசலால் வெளியே போனார். அவர் நொண்டுகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நான் பின்னாலேயே போனேன். கோயில் கிணற்றுக் கட்டில் இருத்தி, சாரத்தை விலக்கிக் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் ஒரு சிப்பி ஓடு ஏறியிருந்தது. எப்போது ஏறியதோ, சதை மூடிப் பழுத்திருந்தது. அப்பாவைப்போல நீரிழிவு, சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காலில் நோ தெரியாது என்று கிளினிக்கில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்கள்.

“செருப்பெங்க?” என்று கேட்டேன்.

“மதகடியில கிடக்கு. கோயிலுக்கு வரேக்க போடுறேல்ல.”

“எப்ப இருந்து?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “அவன் கடலுக்க இறங்கின நாளில இருந்து.”

நீ உப்புவெளிக் கடலில் ஞானஸ்நானம் எடுத்த நாளைத்தான் சொன்னார். அதற்கு அடுத்த காலையிலிருந்து பூசைக்கு வெறுங்காலோடுதான் போய் வந்திருக்கிறார். வீட்டிலிருந்து செருப்போடு புறப்பட்டு, மதகடியில் கழற்றி ஒளித்து வைத்துவிட்டு, திரும்பும்போது போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று. அந்த விடியற்காலை நேரத்தில் வீதியில் அவரும் ஊருக்குள் திரியும் மான்களும்தான், பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை. நீ திரும்பி வந்து நம் கோயிலில் நற்கருணை வாங்கும் நாள்வரைக்கும் அப்படி நடப்பதாக நேர்த்தி. நீ அவருடைய ஆத்துமா தொலைந்துபோகும் என்று அழுது ஜெபிக்கிறாய். அவர் உன்னுடைய ஆத்துமாவுக்காகத் தார் றோட்டில் நடந்திருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு அழுகையும் வருகிறது, உங்கள் இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருக்கிறது.

சிப்பியைக் கிளினிக்கில் எடுத்தும் புண் ஆறாமல் விரல்வரைக்கும் ஏறிவிட்டது. கையெழுத்து வைக்காததற்கும் காரணம் அந்த நேர்த்திதான். “விரலை எடுத்தா ஏதோ சப்பாத்தைப் போட்டுத்தான் நடக்கச் சொல்லுவினம். நேர்த்தி முறிஞ்சுபோம். பாதியில விட்டா அவன் திரும்பவும் குடிக்கப் போயிடுவான். அவன்ர ஆத்துமா என்ர காலில நிக்குது, நீ சும்மா கதைக்காத” என்கிறார். நேற்று ஃபாதரைக் கூப்பிட்டேன். அவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, இந்த நேர்த்தியில இருந்து நான் உங்களை விடுவிக்கிறன். கடவுள் உங்கட விரலைக் கேக்கேல்ல” என்று தன்மையாகச் சொன்னார். அப்பா, “நீங்கள் சின்ன ஆள், ஃபாதர். உங்களுக்குப் பிள்ளை இல்லை” என்றார். அந்தப் பெடியன், பாவம், தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவர் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, “அவன் ஒரேயொரு பூசைக்கு வந்து முழந்தாளில நிக்கட்டும். அண்டைக்கே கையெழுத்து வைக்கிறன்” என்றார்.

உண்மையைச் சொன்னால், அதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஒரு பூசைதானே, வந்து நின்றுவிட்டுப் போ, கால் தப்பட்டும் என்று. எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். நீ நம்பாத ஒன்றை நம்புகிறவன்போல வந்து நிற்பது உனக்கும் கேவலம், அந்தப் பீடத்துக்கும் கேவலம். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. நீ வந்து நின்றால் தன் கால்தான் உன்னைக் கொண்டுவந்தது என்று அவர் நம்பிவிடுவார். அடுத்த முறை மற்றக் காலையும் கொடுப்பார். ஆகவே பூசைக்கு வா என்று நான் உன்னைக் கேட்கவில்லை.

நீ பவுல் என்கிறாய், நாங்கள் சின்னப்பர் என்று சொல்லி வளர்ந்தோம், ஆள் ஒருவர்தான். விசுவாசத்தால்தான் மனிதன் கரையேறுகிறான் என்று அவர் எழுதியதை நீ பிடித்துக்கொண்டாய். அப்பா யாகப்பரைப் பிடித்துக்கொண்டார், நீங்கள் யாக்கோபு என்பவர். செயல் இல்லாத விசுவாசத்தில் உயிர் இல்லை என்று சொன்னவர். அந்த இரண்டு பேரும் ஒன்றாக இருந்து ஒரே சட்டியில் சாப்பிட்டிருப்பார்கள், சண்டை என்னவோ நம் வீட்டு விறாந்தையில்தான். நான் இத்தனை நாளும் நடுவில் நின்று, நீ பேசும்போது உனக்கும் அவர் பேசும்போது அவருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். புண்ணைக் கழுவத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஏதோ கொஞ்சம் விளங்குகிறது. நான் பஞ்சை எடுத்தால் அவர், “விடு, நான் செய்யிறன்” என்று தட்டுகிறார். குனிந்து எட்ட முடியாத மனிதர் தட்டுகிறார். அவருக்குக் கொடுக்கத் தெரியும், வாங்கத் தெரியாது. உனக்கு வாங்கத் தெரிந்திருக்கிறது, அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்லுகிறேன். ஆனால் வாங்கிய கையை நீட்டியபடியே நிற்கிறாய். சும்மா கிடைத்தது என்று உண்மையாக நம்புகிறவனின் கை சும்மா இருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு புண்ணைக் கழுவி நான் மோட்சத்துக்குப் போய்விட மாட்டேன், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சட்டியைச் சுற்றி விலகிப் போகிறவன் எந்த வழியால் அங்கே போவான் என்பதும் எனக்குத் தெரியவில்லை. இதற்கு உன்னிடம் வசனம் இருந்தால் பிறகு சொல், இப்போது வேண்டாம்.

இப்போது கேட்பது ஒன்றுதான். நீ ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுகிறாயே, இரட்சிப்பு இனாம், ஒருவனும் தன் கிரியையால் அதை வாங்க முடியாது என்று, அது இந்த வீட்டுக்குத் தேவைப்படுகிறது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு வாய் கசக்கிறது, ஆனாலும் சொல்லுகிறேன். உன் ஆத்துமா அவர் காலில் நிற்கவில்லை என்று அந்த மனிதருக்குச் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான். ஃபாதர் சொல்லி ஏறவில்லை, நான் சொல்லி ஏறவில்லை. ஆனால் போன முறை சொன்னதுபோலச் சொன்னால் உன்னுடையதும் ஏறாது. அவர் செய்ததெல்லாம் கந்தை என்ற வாயிலிருந்து இனி எந்த நல்ல செய்தியும் அவர் காதுக்குள் போகாது. முதலில் சட்டியை என் கையிலிருந்து வாங்கு. அவர் காலடியில் இரு. புண்ணுக்குப் போட்ட கட்டை அவிழ். நாறும், முகத்தைச் சுளிக்காதே. அவர் காலை இழுப்பார், “அம்மா செய்வா, நீ விடு” என்பார், திட்டுவார். விடாதே. இராயப்பரும், அதுதான் உங்கள் பேதுருவும், ஆண்டவர் கால் கழுவ வந்தபோது முதலில் காலைப் பின்னுக்கு இழுத்தவர்தான். கழுவி முடித்துத் துடைத்த பிறகு, உனக்குச் சொல்ல இருப்பதைச் சொல். என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித்தர மாட்டேன். அவர் அழுதால் அழவிடு.

உன்னைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. நேர்த்தியை நீ வைக்கச் சொல்லவில்லை, உனக்குத் தெரியவும் தெரியாது. கேட்காமலே ஒருவர் உனக்காகத் தன் காலைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது பிழையான கணக்கு என்று எனக்கும் தெரியும். ஆனால் கேட்காமல் கிடைத்த அன்பைப் பற்றித்தானே நீ ஞாயிறு தோறும் பிரசங்கம் செய்கிறாய். இந்த ஞாயிறு கடலில் ஞானஸ்நானம் இருக்கிறது, நீதான் ஆட்களை இறக்குகிறாய் என்று உன் மனைவி சொன்னாள். இறக்கு. முடிந்ததும் உடுப்பு மாற்றக்கூட நிற்காமல் வா. சகோதரர்களைக் கூட்டிக்கொண்டு வராதே, தனியே வா. திங்கட்கிழமை விடியும்போது நாம் மூன்று பேரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா விறாந்தையிலிருந்து, “ஆருக்கு எழுதுறாய்?” என்று கேட்டார். “அவனுக்குத்தான்” என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். ஸ்டூலில் இருந்த காலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, “அவன் வந்தா என்ர காலை ஒரு சீலையால மூடிவிடு. பாத்தா பயந்திடுவான்” என்றார்.

நான் மூடமாட்டேன்.

அம்மா